அளந்தபின் ஒரு பிடி

எங்கள் பக்கத்தில் வயதான கிறிஸ்தவப் பெண் ஒருத்தி இறந்துபோனால் அடிக்கிற நினைவு அட்டை எப்போதும் ஒரே மாதிரிதான் இருக்கும். மேலே சிலுவை, நடுவில் முக்காடிட்ட போட்டோ, அதன்கீழ் ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்’ என்று தேதி, அடியில் நீதிமொழிகள் 31ஆம் அதிகாரம் 10ஆம் வசனம். நல்ல மனைவியை முத்துக்கும் மேலாக ஏற்றிச் சொல்லும் வசனம் அது. அப்பாவைப் பெற்ற ஆச்சிக்கும் அதையே போட்டோம். கூடவே ‘ஜெபவீராங்கனை’ என்று ஒரு பட்டம். அச்சகத்தில் அதெல்லாம் முன்பே தட்டச்சு செய்து வைத்திருந்தார்கள். பெயரையும் தேதியையும் மாற்றினால் போதுமாக இருந்தது.

அந்த அதிகாரத்தைப் பத்தாம் வசனத்தோடு நிறுத்தாமல் மேலே படித்துக்கொண்டு போனால் வேறொருத்தி எழுந்து வருகிறாள். விடியுமுன் எழுந்து வேலைக்காரிகளுக்குப் படியளக்கிறாள். ஒரு நிலத்தைப் பார்த்து, விசாரித்து, வாங்குகிறாள். சொந்தச் சம்பாத்தியத்தில் திராட்சைத் தோட்டம் போடுகிறாள். துணி நெய்து வியாபாரிகளிடம் விற்கிறாள். புருஷன் ஊர்ப் பெரியவர்களோடு வாசலில் உட்கார்ந்திருக்கிறான். நிலம் வாங்குவது 16ஆம் வசனம். எந்த நினைவு அட்டையிலும் அந்த வசனத்தை நான் பார்த்ததில்லை. ஆச்சியோ முழுக்க முழுக்கப் பதினாறாம் வசனத்துக்காரி.

மெஞ்ஞானபுரத்துக் கோயில் கோபுரம் 192 அடி உயரம். தேரியின் செம்மணல் மேட்டில் ஏறி நின்றால் சுற்றுப்பட்டு ஊர்கள் எல்லாவற்றிலிருந்தும் அது தெரியும். அந்தக் கோபுரம் கண்ணுக்குத் தெரிகிற ஊர்களில் ஒன்றில்தான் ஆச்சி வாழ்க்கைப்பட்டாள். பிறந்த ஊர் நாசரேத்துக்குப் பக்கம். அந்தக் காலத்தில் அது எஸ்.பி.ஜி. மிஷன் எல்லை, மெஞ்ஞானபுரம் சி.எம்.எஸ். எல்லை. இரண்டும் ஆங்கிலிக்கன் சபைதான், ஜெபப் புத்தகமும் ஒன்றுதான். ஆனாலும் மாமியார் வீட்டில் யாராவது அவள் கீர்த்தனை பாடும் ராகத்தைக் குறை சொன்னால், “எங்க எஸ்.பி.ஜி. பக்கம் இப்படித்தான்” என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள். 1947 செப்டம்பரில் சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை உருவாகி மெதடிஸ்டுகளும் பிரெஸ்பிட்டேரியன்களும்கூட ஒன்றாகிவிட்டார்கள். ஆச்சிக்கு மட்டும் எஸ்.பி.ஜி. முடியவில்லை.

தாத்தா கொழும்பில் கடையில் இருந்தார். எங்கள் பக்கத்து ஆண்களில் பாதிப்பேர் அப்போது அங்கேதான். தூத்துக்குடியில் கப்பல் ஏறினால் கொழும்பு. ஊரில் மிச்சமிருந்தவர்கள் பெண்களும் கிழவர்களும் பனையேறிகளும் உபதேசியாரும். திருநெல்வேலிக் கிராமத்துச் சபைகளைப் பற்றி எழுதுகிறவர்கள் மிஷனெரிகளை எழுதுகிறார்கள், பனையை எழுதுகிறார்கள். இந்தக் கொழும்பு விஷயத்தை அவ்வளவாக எழுதுவதில்லை. மணியார்டர் படிவத்தின் அடியில் வருகிற இரண்டு வரி விசாரிப்பை வைத்துக்கொண்டு ஒரு பெண் வீட்டை, விளையை, ஐந்து பிள்ளைகளை, மாமியாரை, கோயில் வரியை நடத்தியிருக்கிறாள் என்றால், அவள் குடும்பத் தலைவி ஆனதற்குப் பக்தி மட்டும் காரணமல்ல. தலைவன் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தான்.

அவள் வாங்கிய நிலம் ஒரு விளை. பனை நிற்கிற தோட்டத்தை எங்கள் பக்கத்தில் விளை என்போம். வெள்ளாளன்விளை, பண்ணைவிளை என்று ஊர்ப்பெயர்களே அப்படித்தான். மணியார்டரில் மிச்சம் பிடித்ததும், கருப்பட்டி விற்றதும், சீட்டுப் பணமும் சேர்த்து வாங்கினாள். பத்திரம் தாத்தா பேரில்தான் பதிவாயிற்று. தாத்தா அந்த விளையைக் கண்ணால் பார்த்தது அடுத்த முறை கப்பலில் வந்தபோது.

மாசி பிறந்து பதநீர் இறங்கத் தொடங்கினால் ஆடி வரைக்கும் அவளை வீட்டுக்குள் பார்ப்பது அபூர்வம். ஏறுவது ஆண் வேலை, காய்ச்சுவது பெண் வேலை. ஏறுகிறவரின் பெண்டாட்டிதான் அடுப்பில் நிற்பாள் என்றாலும், பதம் பார்க்கிற நேரத்துக்கு ஆச்சி போய்விடுவாள். கொதித்து இறுகி வரும் கூப்பனியில் ஒரு சொட்டு எடுத்துத் தண்ணீரில் விட்டு, விரலால் உருட்டிப் பார்ப்பாள். உருண்டால் இறக்கிச் சிரட்டைகளில் ஊற்றவேண்டும். ஒரு நிமிஷம் தப்பினால் கருப்பட்டி கசக்கும். அந்த விரலை நான் நன்றாகப் பார்த்திருக்கிறேன். நகக்கண்ணில் எப்போதும் கலயத்துச் சுண்ணாம்பின் வெள்ளை இருக்கும். ஞாயிற்றுக்கிழமை நற்கருணை வாங்க நீட்டுகிற கையிலும் அது இருக்கும்.

காய்ச்சலின் முதல் கருப்பட்டி கோயிலுக்கு. ஆராதனை முடிந்ததும் வாசலில் ஏலம் விடுவார்கள். பெண்கள் ஏலத்தில் சத்தம் போட்டுக் கேட்பது அப்போது வழக்கமில்லை. ஆச்சி என்னை முன்னால் நிறுத்தி முதுகில் விரலால் தட்டுவாள். ஒரு தட்டு என்றால் ஒரு ரூபாய் கூட்டிக் கேட்கவேண்டும். தான் கொடுத்த கருப்பட்டியையே தான் ஏலத்தில் எடுப்பாள் என்று ஊரில் கேலி பேசினார்கள். கருப்பட்டி போனாலும் விலை இறங்கக்கூடாது என்பது அவள் கணக்கு. கோயிலுக்குக் கூடுதல் பணம், சந்தையில் தன் சரக்குக்குப் பெயர். இது பக்தியா வியாபாரமா என்று கேட்டிருந்தால் கேள்வியே அவளுக்குப் புரிந்திருக்காது.

இனி பிடி அரிசிக்கு வருகிறேன். எங்களுடையது நெல் விளையாத மண். அரிசி தாமிரபரணிப் பக்கத்திலிருந்து, ஸ்ரீவைகுண்டம், ஏரல் வழியாக விலைக்கு வரவேண்டும். அப்பாவின் சிறுவயதில் வாரத்தில் சில நாள் வீட்டில் கிழங்கும் கஞ்சியும்தான். அப்படிப்பட்ட வீட்டில், உலை வைக்கும் முன் அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்து மூலையில் தொங்குகிற ஓலைக் கொட்டானில் போடவேண்டும். வார முடிவில் அது கோயிலுக்குப் போகும். இதை எல்லா வீட்டிலும் செய்தார்கள். ஆச்சி செய்ததில் ஒரு கறார் இருந்தது. சில வீடுகளில் மூட்டையிலிருந்து பிடியை முதலில் எடுத்துக் கொட்டானில் போட்டுவிட்டு, அப்புறம் சமையலுக்கு அளப்பார்கள். ஆச்சி முதலில் ஆளுக்குத் தக்கபடி உழக்கால் அளந்துகொள்வாள். அளந்ததிலிருந்துதான் பிடி எடுப்பாள். மூட்டையில் எடுத்தால் குறைவது மூட்டை. அளந்ததில் எடுத்தால் அன்றைக்குச் சாப்பிடுகிற ஒவ்வொருவர் தட்டிலும் கொஞ்சம் குறையும். விருந்தாளி வந்தாலும் இதே முறைதான். சித்தி புதுப்பெண்ணாக வந்த நாட்களில் விரல் நுனியால் கிள்ளிப் போட்டிருக்கிறாள். “ஏளா, சாமிக்குக் குருவிக்குப் போடுத மாதிரியா போடுவ? கைய விரி” என்று ஆச்சி சொன்னதைச் சித்தி இன்றைக்கும் நடித்துக் காட்டுவாள்.

அந்த அரிசி எங்கே போயிற்று என்பதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியாவும் அவரைச் சேர்ந்தவர்களும் 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கினார்கள். இந்திய ஆட்கள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்பது அதன் பிடிவாதம். வெள்ளைக்காரன் காசில் வெள்ளைக்காரன் ஊழியம் என்றிருந்த காலத்தில் அது சின்னப் பேச்சில்லை. அவர்கள் தேர்ந்துகொண்ட இடம் நிஜாம் சமஸ்தானத்துத் தோர்ணக்கல். அசரியா 1912 டிசம்பரில் கல்கத்தாவில் அபிஷேகம் பெற்று ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய அத்தியட்சர் ஆனார், அதே தோர்ணக்கலுக்கு. அங்கே இந்து, இஸ்லாமியக் கட்டட மரபுகளைக் கலந்து அவர் எழுப்பிய பேராலயம் 1939இல் பிரதிஷ்டையானது. இதற்கெல்லாம் வேண்டிய இந்தியப் பணம் எங்கிருந்து வரும்? அப்போது எங்கள் ஊர்களில் யாரிடமும் பணம் கிடையாது. இருந்தது அடுப்படி. அடுப்படியில் இருந்தவர்கள் பெண்கள்.

இது கிறிஸ்தவர்களின் கண்டுபிடிப்பு என்றும் சொல்லமுடியாது. காஞ்சி சந்திரசேகரேந்திர சரஸ்வதி சுவாமிகள் வீடுதோறும் தினம் ஒரு பிடி அரிசி ஒதுக்கும் திட்டத்தை வலியுறுத்தினார். மிசோ மலைகளில் பிரெஸ்பிட்டேரியன் பெண்கள் 1910 முதல் இதே பிடியரிசியை வைத்துப் பெரிய சபையையே நடத்திவருகிறார்கள். சாமியும் பாஷையும் வேறு, உத்தி ஒன்று. வீட்டில் பணப்பெட்டியின் சாவி ஆணிடம், அரிசி அளக்கும் உழக்கு பெண்ணிடம். யாருடைய கையெழுத்தும் அனுமதியும் இல்லாமல் ஒரு பெண் தானாக எடுத்துக் கொடுக்கக்கூடியது அவள் கைப்பிடிக்குள் அடங்குகிற அளவுதான். அதைக் கண்டுகொண்ட மதங்கள் கெட்டிக்கார மதங்கள். ஆச்சிக்குத் தெலுங்கு தெரியாது. தோர்ணக்கல் எந்தத் திசை என்று கேட்டால் வடக்கே கையைக் காட்டுவாள். ஆனால் அந்தக் கோயிலைப் பற்றி யாராவது பேசினால் சொந்த வீட்டைச் சொல்வதுபோலத் தலையை ஆட்டுவாள்.

திருநெல்வேலித் திருச்சபைச் சரித்திரத்தின் தொடக்கப் பக்கத்திலேயே ஒரு பெண் நிற்கிறாள் என்பது எங்களுக்குப் பழகிப்போன செய்தி. தஞ்சாவூரிலிருந்து வந்த பிராமண விதவை, லிட்டில்டன் என்ற ஆங்கிலேய அதிகாரியோடு வாழ்ந்தவள். அவன் உயிரோடிருந்தவரை ஞானஸ்நானம் கொடுக்க மறுத்த மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயர், அவன் இறந்தபின் 1778இல் கொடுத்தார். கிளாரிந்தா என்று பெயர். பாளையங்கோட்டையில் 1785இல் அவள் கட்டிய கோயிலைப் பாப்பாத்தியம்மாள் கோயில் என்றுதான் ஊர் இன்றும் சொல்கிறது. 1780ஆம் வருஷத்துச் சபைப் பதிவேட்டில் நாற்பது பெயர்கள். அவளைச் சுற்றிக் கூடிய சபை அது. அதற்குப்பின் ஐயர்மார், அத்தியட்சர்மார், கால்டுவெல், தாமஸ் என்று ஆண் பெயர்களாக வருகின்றன. இடையன்குடியில் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்த எலைசா கால்டுவெல்கூட அடிக்குறிப்புக்குத்தான் தேறுகிறார். நாகர்கோவிலில் பிறந்து தமிழைக் கணவரைவிடச் சரளமாகப் பேசிய அம்மாளுக்கே அந்த நிலை என்றால், கொட்டானில் அரிசி போட்டவளைக் கேட்பானேன்.

சரி, ஜெபத்துக்கு வருவோம், அட்டையில் அதைத்தானே போட்டோம். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் குடும்ப ஜெபம். பாய் விரித்து, விளக்கை நடுவில் வைத்து, ஒரு பாட்டு, ஒரு அதிகாரம், பிறகு ஆச்சி. பகல் முழுக்க நெல்லைப் பேச்சில் ஏசிக்கொண்டிருந்தவள் முழங்கால் போட்டதும் வேதபுஸ்தகத் தமிழுக்கு மாறிவிடுவாள். வீட்டுச் செய்திகள் எல்லாமே எங்களுக்கு அந்த ஜெபத்தில்தான் தெரியவரும். யாருக்குக் கடன், எந்தச் சம்பந்தம் தட்டிப்போயிற்று, யார் பரீட்சையில் தோற்றார்கள் எல்லாம். கண்ணை மூடியிருக்கிறவர்களுக்கு அடிவயிற்றைக் கலக்கும். தாத்தா கொழும்பில் இருந்த காலத்து ஜெபம் ஒன்றை அத்தைமார் மனப்பாடமாகச் சொல்வார்கள்: “தகப்பனே, இரண்டு மாதமாய்க் கடிதம் எழுதாதவருடைய விரல்களை நீர் தொட்டருளும்.” என் காதால் கேட்டது இன்னொன்று. “கர்த்தாவே, இந்த வீட்டில் தண்ணீர்ப் பானையை மூடாமல் போகிறவர்களுக்கு நல்ல ஞாபகசக்தியைக் கட்டளையிடும்.” பின்வரிசையில் சித்தி முக்காட்டை வாயில் திணித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினாள். தாத்தா திரும்பி வந்தபிறகும் இது நிற்கவில்லை. அவர் செருமுவார், அவ்வளவுதான்.

ஜெபத்துக்கு நடுவில் யாரும் எதிர்ப்பேச்சு பேசமுடியாது. ஆமென் சொல்லத்தான் முடியும். கோயிலில் பிரசங்கபீடம் ஐயருக்கு, கமிட்டி ஆண்களுக்கு, இடப்பக்கத் தரை பெண்களுக்கு என்றிருந்த நாளில், யாரும் குறுக்கிடாமல் ஒரு பெண் கால்மணி நேரம் பேசக்கூடிய மேடை வேறு எங்கே இருந்தது? அவள் அதை நன்றாகத் தெரிந்துதான் செய்தாள் என்று நினைக்கிறேன். அதனால் அந்த ஜெபம் பொய்யாகிவிடாது. காலராவில் இறந்த மகனின் பெயரை ஒவ்வொரு வருஷமும் அதே தேதியில் ஒரே ஒரு முறை சொல்லிவிட்டு அடுத்த பெயருக்குப் போவாள். அன்றைக்கு யாரையும் குத்திக்காட்ட மாட்டாள்.

படிப்பில் அவளுக்கிருந்த வெறியை இதே மூச்சில் சொல்லவேண்டும். அவள் படித்தது ஐந்தாவது. வேதம் வாசிக்கத் தெரியாமல் திடப்படுத்தல் கிடையாது என்று அவள் பிறந்த ஊர் ஐயர் பிடிவாதமாக இருந்தாராம். பெண் குழந்தைகளுக்கு எழுத்து வந்தது முதலில் அந்த வழியாகத்தான். தன் இரண்டு பெண்களையும் பாளையங்கோட்டையில் போர்டிங்கில் சேர்த்தாள். ஃபீஸ் கட்ட மாமியாரின் பாம்படம் போயிற்று. காதுத்தண்டு தோளைத் தொட வளர்த்துப் பாம்படம் போட்ட கடைசித் தலைமுறை அந்த மாமியார். கழற்றிக் கொடுத்தபோது, “ஒம் பிள்ளைய படிச்சு எனக்கா போடப் போவுது” என்று முனகியவள், பேத்தி டீச்சராகி வாங்கிவந்த கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் செத்தாள். பாளையங்கோட்டையில் பெண்கள் கல்லூரிக்குப் பெயர் கொடுத்த சாரா டக்கர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. இங்கிலாந்தில் நோயாளியாக இருந்துகொண்டு இங்குள்ள பெண்களின் படிப்புக்காகப் பணம் சேர்த்தவர். காணாத ஊருக்குக் கொடுப்பது என்றால் என்னவென்று ஆச்சிக்கு விளங்கிய விதத்திலேயே அந்த அம்மாளுக்கும் விளங்கியிருக்கவேண்டும்.

இவ்வளவு சொல்லிவிட்டு அந்தச் சிரட்டையைச் சொல்லாமல் விட்டால் இதுவும் இன்னொரு நினைவு அட்டைதான்.

வீட்டின் பின்சுவரில், ஆணியில், ஒரு சிரட்டை மாட்டியிருக்கும். தொழுவத்தில் சாணி அள்ள வருகிற பெண் தண்ணீர் கேட்டால் அதில் ஊற்றுவார்கள். அவள் வேறு தெரு. ஆனால் எங்கள் சபைதான். ஞாயிற்றுக்கிழமை ஆச்சி முழங்காலிடுகிற அதே கிராதியில், இன்னொரு ஓரத்தில் அவளும் முழங்காலிடுவாள். ஐயர் ஒரே கிண்ணத்தைத்தான் எல்லோர் வாயிலும் வைப்பார். ஞாயிற்றுக்கிழமை ஒரே கிண்ணம், திங்கட்கிழமை சிரட்டை. சபைக்குள் சாதி கூடாது என்று கல்கத்தா பிஷப் வில்சன் 1833லேயே சுற்றறிக்கை விட்டாயிற்று. அவள் பெயரையும், அவள் பிள்ளையின் காய்ச்சலையும் ஆச்சி ஜெபத்தில் தவறாமல் சொல்வாள். பிரசவத்துக்குக் கருப்பட்டியும் எண்ணெயும் கொடுத்தனுப்புவாள். சிரட்டை மட்டும் ஆணியிலேயே இருந்தது. இத்தனைக்கும் ஆச்சியின் தாய்வழியார் தென்திருவிதாங்கூர்க்காரர்கள். தோள்சீலை போட்டதற்காகச் சந்தையில் சீலை கிழிக்கப்பட்ட பெண்களின் வம்சம். 1859இல் மகாராஜா உத்தரவு போட்டுத்தான் தோளை மூட வழி பிறந்தது. அந்தக் கதையை அவள் கண்ணீரோடு சொல்வாள். சொல்லிமுடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்துபோகிற வழியில்தான் அந்தச் சுவர்.

போர்டிங்கிலிருந்து லீவுக்கு வந்த பெரிய அத்தை ஒருநாள் சிரட்டையை எடுத்து அடுப்பில் வைத்துவிட்டு, டம்ளரில் தண்ணீர் கொடுத்தாள். ஆச்சி ஒன்றும் சொல்லவில்லை. அந்த டம்ளரைத் தனியாகச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள். கொஞ்ச காலம் அப்படியே போயிற்று. எப்போது தனியாகத் தேய்ப்பதை விட்டாள் என்று வீட்டில் யாருக்கும் ஞாபகமில்லை. அவள் ஜெபத்தில் அதைப் பற்றி ஏதாவது சொன்னாளா என்று அத்தையிடம் கேட்டேன். “இல்ல. எனக்குக் கோவம் கொறையணும்னு ஜெபிச்சா” என்றாள் அத்தை.

இவளை என்ன செய்வது? பக்தி மனசை இளக்கிவிடும் என்று நாம் ஒரு நம்பிக்கையை வைத்திருக்கிறோம். ஆச்சியின் பக்தி அவளைக் கறாராக்கிற்று, துணிச்சல்காரி ஆக்கிற்று, காணாத ஊருக்குக் கொடுக்கவைத்தது. பத்தடி தூரத்துச் சுவரைப் பார்க்கவைக்க அவள் பெற்ற பெண் படித்துவிட்டு வரவேண்டியிருந்தது. அந்தப் பெண்ணைப் படிக்க அனுப்பியதும் அதே பக்திதான் என்பதையும் சேர்த்துத்தான் எழுதவேண்டியிருக்கிறது.

கடைசி வருஷங்களில் படுக்கையோடு இருந்தாள். 2003இல் திருநெல்வேலித் திருமண்டலம் பிரிந்து எங்கள் பக்கம் தூத்துக்குடி–நாசரேத் ஆனபோது, யாரோ செய்தி சொன்னார்கள். “அப்ப நாசரேத்து எம் பேருக்கு வந்துட்டு” என்று சிரித்தாள். சித்தி உலை வைக்கிற சத்தம் கேட்டதும் “போட்டியா?” என்பாள். அப்போது வீட்டில் பிடி அரிசி எடுப்பது நின்று, கவரில் மாதக் காணிக்கை என்று மாறியிருந்தது. சித்தி “போட்டாச்சு மாமி” என்பாள். அவள் சும்மா சொல்கிறாள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். பிறகு ஒருநாள் பார்த்தால், கிழவிக்குக் கேட்கிற மாதிரி அரிசியை நிஜமாகவே கொட்டானில் போட்டுவிட்டு, சாயந்தரம் கோழிக்கு இறைத்துக்கொண்டிருந்தாள்.

ஆச்சி போய்ச் சில வருஷங்கள் கழித்து, 2013இல், தென்னிந்தியத் திருச்சபையின் முதல் பெண் பேராயராக புஷ்ப லலிதா அபிஷேகம் பெற்றார். நந்தியால் திருமண்டலம். ஒரு காலத்தில் தோர்ணக்கலோடு சேர்ந்திருந்த தெலுங்குப் பக்கம். செய்தியைப் பத்திரிகையில் பார்த்துவிட்டுப் பெரிய அத்தை போன் செய்தாள். நம் வீட்டு அரிசி அங்கேதான் போயிற்று என்று இரண்டு பேரும் கொஞ்சம் பெருமையடித்துக்கொண்டோம். ஆச்சி இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று கேட்டேன். அத்தை யோசிக்கவே இல்லை.

“‘பிஷப்பம்மா வீட்டுல அரிசி அளக்கது யாரு?’ன்னு கேட்டிருப்பா.”